மூன்றாம் லோடு

உக்கிரபாண்டி என்ற பெயரைக் கேட்டால் மீசையை முறுக்கிக்கொண்டு ஓர் ஆள் மனசில் வந்து நிற்பார். எங்கள் உக்கிரபாண்டி அண்ணனுக்கு மீசை சரியாக முளைக்கவே இல்லை. குரலும் அப்படித்தான், பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும். பள்ளிக்கூட வாசலில் ஆறாம் வகுப்புப் பிள்ளை எதிரே வந்தால்கூட ஒதுங்கி வழிவிடுவார். இடது கையில் முழங்கை வரைக்கும் தீக்காயத் தழும்பு. அந்தக் கையை மட்டும் எப்போதும் துண்டுக்குள் மறைத்து வைத்திருப்பார்.

நான் அவருக்கு நேர் எதிர். விஸ்வநத்தத்துக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது வருஷமாக அறிவியல் நடத்துகிறேன். பேர் வேல்விழி. பிள்ளைகள் வைத்த பேர் வேறு, அதை இங்கே எழுதமாட்டேன். யார் தப்புச் செய்தாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவேன் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் எவ்வளவு பொய் என்பதைச் சொல்லத்தான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்போடு சரி. பிளஸ் ஒன் படிக்க வேண்டுமானால் சிவகாசிக்குப் பஸ் ஏற வேண்டும். பையன்களை அனுப்பிவிடுவார்கள். பெண் பிள்ளைகளில் பாதிப் பேர் ஜூன் மாதம் பிறந்ததும் அச்சகத்துக்கோ தீப்பெட்டி ஆபீசுக்கோ போய்விடுவார்கள். நன்றாகப் படித்த பிள்ளை ஒருத்தியை பஸ் ஸ்டாப்பில் சாப்பாட்டு வாளியோடு பார்க்கும்போது வயிறு எரியும். அதனால் மேலே ஒரு மாடி எழுப்பி மேல்நிலை வகுப்பு தொடங்க வேண்டும் என்று நிர்வாகக் குழுவைப் போட்டு அரித்தது நான்தான். தலைவர் ரத்தினசாமி அண்ணாச்சி அச்சகம் வைத்திருப்பவர். என் தொல்லை தாங்காமல் சம்மதித்தார்.

ஆனால் கட்டடம் சம்மதிக்கவில்லை. அந்தக் காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர். கான்கிரீட் மாடியைத் தாங்காது என்று பார்த்த பொறியாளர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். கடைசியில் மதுரையிலிருந்து ரோஷினி என்ற பெண் பொறியாளர் வந்தார். மாடியை மரத்தில் கட்டலாம், கனம் குறைவு, பழைய சுவரை இடிக்க வேண்டியதில்லை என்றார். மல்லாங்கிணறு பக்கம் விவசாயிகள் தோட்டத்தில் வளர்க்கிற மலைவேம்பு. ஒன்று வெட்டினால் மூன்று நட வேண்டும் என்று ஒப்பந்தம். பலகையாக அறுத்து, வெங்காரமும் போரிக் பவுடரும் கரைத்த தண்ணீரில் பத்து நாள் ஊறவைத்து, நிழலில் மூன்று வாரம் உலர்த்தி, பிறகு பலகை மேல் பலகையாக ஒட்டி உத்தரம் செய்வது. ஊறின மரத்தைக் கரையான் தொடாது, தீயும் சட்டென்று பிடிக்காது.

பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னதும் கூட்டமே எழுந்து நின்றது.

"பட்டாசு ஊருல மரத்துல பள்ளிக்கூடமா? யாரு குடுத்த யோசனை இது?"

சத்தம் போட்டவள் மூக்கம்மாள். கேட்பதற்கு அவளுக்கு எல்லா உரிமையும் உண்டு. அவள் வீட்டுக்காரர் முனியசாமி பட்டாசு ஆலையில் வெடிமருந்து கலக்கும் அறையில் செத்துப்போனவர். அந்த அறையில் அவரோடு வேலை செய்தவர் உக்கிரபாண்டி அண்ணன். முனியசாமியை வெளியே இழுக்கப் போய்த்தான் அண்ணனுக்கு அந்தக் கை அப்படி ஆனது. அதற்குப் பிறகு அவர் ஆலைப் பக்கமே போகவில்லை. எங்கள் பள்ளியில் காவலுக்குச் சேர்ந்தார்.

எனக்கு அந்த நேரத்தில் ஒரு யோசனை தோன்றியது. இன்றைக்கு நினைத்தால் கெட்ட யோசனை. ஓரமாக நின்றுகொண்டிருந்த அண்ணனைக் கைபிடிக்காத குறையாக மேடைக்கு இழுத்து வந்தேன். "முப்பது வருஷம் மருந்து கலந்தவர் சொல்லட்டும், நம்புவீங்களா?" என்றேன். கூட்டம் அடங்கியது.

அவர் துண்டைத் தோளில் போட்டார். தழும்புக் கை எல்லார் கண்ணிலும் பட்டது. "போரிக் பவுடரு எனக்குத் தெரிஞ்ச சாமான்தான்" என்றார். "ஈர மருந்து சூடேறிறக் கூடாதுன்னு நாங்களே கலவையில போடுவோம். அது மரத்துக்குள்ள எறங்கிருச்சுன்னா சட்டுன்னு தீப்பிடிக்காது. ஊறப்போடுற வேலைய நானே பாக்குறேன். என் மகளும் அங்கனதான படிக்கப்போறா?"

மூக்கம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். "அண்ணே, நீங்க பாத்துக்கிடுறீகன்னா சரி" என்று உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். அவ்வளவுதான், மரப் பள்ளிக்கூடம் நிச்சயமாயிற்று.

மழை ஓய்ந்து டிசம்பர் தொடக்கத்தில் வேலை தொடங்கியது. மைதானத்தின் மூலையில் நீளமாகச் செங்கல் தொட்டி கட்டினார்கள். பக்கத்தில் ஓலைக் கொட்டகை, பலகை உலர்த்த. ஒவ்வொரு லோடிலும் ஒரு மாதிரித் துண்டு. அதுவும் அதே தொட்டியில் அதே பத்து நாள் ஊறும். எடுத்த பிறகு அதைக் குறுக்கே அறுத்து, ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சளைத் தடவி, மேலே கொஞ்சம் அமிலக் கரைசல் விட்டால் மருந்து இறங்கின இடமெல்லாம் சிவக்கும். இறங்காத இடம் மஞ்சளாகவே நிற்கும். அந்தச் சோதனை என் பொறுப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைச் சுற்றி நிற்கவைத்துச் செய்துகாட்டுவேன். சிவக்கும்போது பிள்ளைகள் கை தட்டுவார்கள். நானும் மந்திரவாதி மாதிரி நிற்பேன், ஏன் மறைக்க வேண்டும்?

முதல் இரண்டு லோடும் உள்வரைக்கும் சிவந்தன. அண்ணன் அறுத்த துண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

மூன்றாம் லோடும் சிவந்தது. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. கொட்டகைத் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். பிள்ளைகள் கை தட்டியபோது துண்டால் முகத்தைத் துடைத்தார். வெயில் என்று நினைத்தேன்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு ஆய்வகத்துக்கு வந்தார். அவர் மகள் பாண்டிலட்சுமி அப்போது பத்தாம் வகுப்பு. தினமும் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து அப்பாவோடுதான் வீட்டுக்குப் போவாள். மகள் எங்கே என்று கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்து, "இப்பத்தான் முடிஞ்சுது, முகம் கழுவப் போயிருக்கா" என்றேன்.

"இல்ல டீச்சர். ஒரு சங்கதி சொல்லணும்" என்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

நின்றபடியே சொன்னார். மருந்து கலக்குபவர்களுக்குச் சனிக்கிழமை என்று ஒரு கணக்கு உண்டு. சனிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஈர மருந்து ஒரு பிடிகூடப் பாத்திரத்தில் இருக்கக் கூடாது. ஞாயிறு ஆலை பூட்டிக் கிடக்கும், ஈரத்தில் மருந்து உள்ளுக்குள் சூடேறி, திறந்ததும் பற்றிக்கொள்ளும். ஆர்டர் அவசரம் என்று ஒரு சனிக்கிழமை இரண்டு வாளி மருந்தை அப்படியே விட்டுப் பூட்டச் சொன்னார்கள். இவரும் பூட்டினார். திங்கள்கிழமை காலையில் கதவைத் திறந்தவர் முனியசாமி.

"மொத ரெண்டு லோடும் ஊறுறப்ப சனிக்கெளம ஆளுக இருந்தாக டீச்சர். பேசிக்கிட்டே ஒக்காந்து ஓட்டிட்டேன். மூணாவது லோடு போட்டது ஒரு புதன்கெளம. சனிக்கெளம மத்தியானம் ஓரத்துல உப்புப் பூத்துச்சு, கரையட்டும்னு வெந்நி ஊத்திவிட்டேன். ஆளுக கூலி வாங்கிட்டுப் போயிட்டாக. நான் மட்டுந்தான். தொட்டியில ஆவி வருது. கைய விட்டா வெதுவெதுன்னு இருக்கு. நான் ஊத்துன வெந்நிதான். தெரியுது டீச்சர், அது போரிக் தண்ணிதான்னு புத்திக்குத் தெரியுது. கை கேக்க மாட்டேங்குது."

பொழுது சாய்வதற்குள் அத்தனை பலகையையும் தனியாளாக வெளியே எடுத்துப் போட்டிருக்கிறார். அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டிருக்கிறார். அடைப்பு இருந்த மட்டத்துக்குக் கீழே ஒரு அடித் தண்ணீர் மட்டும் நின்றது. கல்லைக் கட்டிப் போட்டிருந்த மாதிரித் துண்டு மட்டும் அதில் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை பயம் தெளிந்து பார்த்தால் மற்ற மருந்துத் தண்ணீரெல்லாம் மண்ணில் போயிருக்கிறது. யாரிடம் சொல்வது? முப்பது வருஷம் மருந்து கலந்தவன் வெந்நீர்த் தொட்டியைப் பார்த்துப் பயந்து ஓடினான் என்று எப்படிச் சொல்வது? பலகைகளை இரண்டாம் லோடுக்குப் பின்னால் அடுக்கிவிட்டார். தொட்டியைத் தார்ப்பாயால் மூடிவிட்டார். பத்தாம் நாள் நோட்டில் பத்து நாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாதிரித் துண்டு மட்டும் நிஜமாகவே பத்து நாள் ஊறியிருந்தது. அதைத்தான் நான் அறுத்தேன்.

"மூணு நாளுதான் ஊறியிருக்கு டீச்சர். அடுத்த வாரம் ஒட்ட எடுத்துட்டுப் போயிருவாக. இப்ப சொன்னா மறுபடி ஊறப்போட்றலாம். நீங்க வந்து அந்த இஞ்சினியரம்மாகிட்ட ஒரு வார்த்த சொன்னீகன்னா... எனக்கு வாய் வரமாட்டேங்குது."

அவர் என்னிடம் கேட்டது இவ்வளவுதான். கூட வந்து நின்றால் போதும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? முதலில் கதவுப் பக்கம் பார்த்தேன், யாராவது கேட்டுவிட்டார்களோ என்று. அடுத்த வெள்ளிக்கிழமை கல்வித் துறையிலிருந்து பார்வையிட வருவதாக இருந்தது. மேல்நிலைக்கு அனுமதி கொடுப்பது அவர்கள்தான். மரம் வேண்டாம் என்று சொல்ல ஊரில் இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். ஒரு லோடு கெட்டது என்று தெரிந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்தேன். இதெல்லாம் நல்ல காரணங்கள்தான். ஆனால் அவற்றுக்கும் கீழே இன்னொன்று இருந்தது. நான் பிள்ளைகள் நடுவில் நின்று சிவக்க வைத்துக் கைதட்டு வாங்கிய சோதனை பொய் என்று ஆகிவிடுமே என்ற எரிச்சல்.

"மூணு நாள் ஊறியிருக்குல்லண்ணே? மேல்பக்கமெல்லாம் எறங்கியிருக்கும். அது போதும். கரையான் வெளிய இருந்துதான வரணும்? பேசாம இருங்க. ஆய்வு முடியட்டும், பாத்துக்கலாம்" என்றேன்.

அது போதாது என்று எனக்குத் தெரியும். நான் படித்த படிப்பே அதுதான். பலகையின் அறுத்த முனை, ஆணி அடிக்கிற ஓட்டை, வெடிப்பு, எது வழியாக வேண்டுமானாலும் கரையான் உள்ளே போகும். அவர் படிக்காதவர், நான் சொன்னால் நம்புவார் என்று தெரிந்தே சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது.

ஆய்வு முடிந்தது. அனுமதி வந்தது. பாத்துக்கலாம் என்று சொன்ன நான் பார்க்கவே இல்லை. பலகைகள் உத்தரமாயின, உத்தரங்கள் ஏப்ரலில் மேலே ஏறின, மே மாதம் தளம் போட்டார்கள். மூன்றாம் லோடில் செய்த உத்தரங்கள் ஆறும் பிளஸ் ஒன் அறைக்கு அடியில், கீழே ஆறாம் வகுப்புக்கு மேலே வந்தன. அண்ணன் என்னைக் கண்டால் வேறு பக்கம் போக ஆரம்பித்தார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

மே கடைசியில் மறுபடி பெற்றோர் கூட்டம். புது மாடியில் நடந்தது. மலைவேம்பு வாசனை இன்னும் போகவில்லை. பிளஸ் ஒன்னுக்கு முப்பத்தோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள், அதில் பெண் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். மேடையில் ரத்தினசாமி அண்ணாச்சியும் ரோஷினியும் இருந்தார்கள். நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பெற்றோர் சார்பில் பேச மூக்கம்மாளைக் கூப்பிட்டார்கள்.

அவள் மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள். "எம் மகள இங்கனதான் சேக்குறேன். மொதல்ல நான்தான் வேண்டாம்னு சத்தம் போட்டேன். இது உக்கிரபாண்டி அண்ணன் கை வச்ச மரம். அவரு கை பட்டதுன்னா நான் பயப்பட மாட்டேன். எம் வீட்டுக்காரருக்காகத் தீயில கைய விட்ட மனுசன்."

எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

கைதட்டு ஓயும் முன்னால் அண்ணன் பின்வரிசையிலிருந்து நடந்து வந்தார். மைக் வேண்டாம் என்று கையைக் காட்டினார். வழக்கத்துக்கு மாறாகக் குரல் பெரிதாக வந்தது. "தங்கச்சி, அப்படிச் சொல்லாதத்தா. மூணாவது லோட நான் சரியா ஊறப்போடல. மூணே நாள்ல எடுத்துட்டேன். நோட்டுல பொய் எழுதியிருக்கேன். இந்தா, நீங்கள்லாம் இருக்கீகளே, இந்த எடத்துக்குக் கீழதான் அந்த உத்தரம் இருக்கு."

சனிக்கிழமைக் கதையை முழுதும் சொன்னார். முனியசாமி பெயர் வந்தபோது மட்டும் துண்டை இழுத்துக் கையை மூடிக்கொண்டார். மூக்கம்மாள் மைக்கைப் பிடித்தபடியே நின்றாள்.

ரத்தினசாமி அண்ணாச்சிக்கு முகம் கறுத்துவிட்டது. "ஏன்யா இம்புட்டு நாளாச் சொல்லல? பலகையா கெடந்தப்பவே சொல்லியிருந்தா பத்து நாள் வேலையோட போயிருக்குமேய்யா! இப்ப மாடியவே பிரிக்கணும். வேற யாருக்காச்சும் இது தெரியுமா?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாருக்கும் தெரியாது அண்ணாச்சி. நான் ஒருத்தன்தான்" என்றார்.

எழுந்திருக்க எனக்கு எவ்வளவு நேரம் இருந்தது என்று பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். கூட்டம் கலைந்து, நாற்காலிகளை மடக்கி, தண்ணீர்க் கேன்களைக் கீழே இறக்கி முடிக்கும் வரைக்கும் நேரம் இருந்தது. நான் கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். முகத்துக்கு நேரே கேட்கிற வேல்விழி டீச்சர்!

மறுநாள் ரோஷினி ஆறு உத்தரங்களிலும் துளை போட்டு உள்ளிருந்து உருளையாகச் சிறு மரத்துண்டு எடுத்தார். மஞ்சள் தடவச் சொல்லி என்னிடமே கொடுத்தார். ஓரத்தில் மெல்லிய சிவப்புக் கோடு, நடுவெல்லாம் வெறும் மஞ்சள். தளத்தைப் பிரித்து உத்தரங்களை இறக்கினார்கள். கட்டடம் முடியவில்லை என்பதால் அந்த வருஷத்து அனுமதி ரத்தாயிற்று. முப்பத்தோரு பேரில் பையன்கள் எல்லாரும் சிவகாசிக்குப் பஸ் ஏறினார்கள். பெண் பிள்ளைகளில் பதின்மூன்று பேர் போனார்கள். ஒன்பது பேர் போகவில்லை. பாண்டிலட்சுமி காலண்டர் அச்சகத்தில் தாள் எண்ணி அடுக்கும் வேலைக்குப் போனாள். தன்னால் ஊர்ப் பிள்ளைகள் நின்றுபோயிருக்க, தன் மகளை மட்டும் எப்படி அனுப்புவது என்று அண்ணன் சொன்னாராம். அது தப்பு என்று போய்ச் சண்டை போட்டிருக்க வேண்டியவள் நான். எந்த முகத்தோடு போவேன்?

ஊரில் அவரைத் திட்டாத ஆள் இல்லை. டீக்கடையில் அவருக்குக் கேட்கும்படியே பேசினார்கள். ஆனால் புதுப் பலகை வந்தபோது ஊறவைக்க அவர்தான் வேண்டும் என்று ரோஷினி ஒற்றைக் காலில் நின்றார். "தானா வந்து தப்பைச் சொன்ன ஆள் வேற யாரையாச்சும் காட்டுங்க, அவங்களைப் போட்டுக்கலாம்" என்றார். நானும் அங்கேதான் நின்றேன். ஊறிய பத்து நாளில் வந்த சனிக்கிழமை சாயங்காலம் மூக்கம்மாள் பூக்கூடையோடு வந்து தொட்டி ஓரத்தில் உட்கார்ந்தாள். பொழுது சாயும் வரைக்கும் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணன் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்த ஒரு நாள் அவரோடு உட்கார யாருமே இல்லாமல் போனதுதானே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்தபடி நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கணமே அதுவும் பொய் என்று தெரிந்தது. பிப்ரவரியில் அவர் துணை கேட்டு என்னிடம் வந்தாரே.

இந்த ஜூனில் பிளஸ் ஒன் தொடங்கிவிட்டது. நின்றுபோன ஒன்பது பேரில் நாலு பேர் திரும்பி வந்தார்கள். மற்ற ஐந்து பேருக்குக் கையில் சம்பளம் பழகிவிட்டது, ஒருத்திக்குக் கல்யாணமே நிச்சயமாகிவிட்டது. பாண்டிலட்சுமி வந்த நாலு பேரில் ஒருத்தி. சேர்க்கைப் படிவத்தோடு என் மேஜைக்கு வந்தாள்.

"டீச்சர், இந்த எடத்துல என்ன எழுதணும்?"

படிப்பில் இடைவெளி இருந்தால் காரணம் என்று ஒரு கட்டம்.

"பள்ளிக்கூட ஆபீசுல ஒடம்பு சரியில்லன்னு எழுதச் சொன்னாக. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாகளாம்."

"உங்கப்பா என்ன எழுதச் சொன்னாரு?"

"அவரு செஞ்ச தப்பாலன்னு எழுதச் சொன்னாரு." பேனாவைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாக, அவள் அப்பாவைப் போலவே பக்கத்தில் வந்து சொன்னாள். "டீச்சர், அன்னைக்கு லேபு வாசல்ல நான் நின்னுக்கிட்டு இருந்தேன். அப்பா சொன்னது, நீங்க சொன்னது, எல்லாம் கேட்டேன். யார்கிட்டயும் சொல்லல. அப்பாகிட்டகூட. இப்ப அப்பா சொன்னதயே எழுதிரட்டுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. கட்டத்தை நிரப்ப வேண்டும், அதற்காகக் கேட்டாள். ஒரு வருஷம் அச்சகத்தில் தாள் எண்ணிக்கொண்டே இதை மனசில் வைத்திருந்திருக்கிறாள்.

படிவத்தை வாங்கி நானே எழுதினேன். மரம் சரியாக ஊறவில்லை என்பது பிப்ரவரியிலேயே தெரிந்தும் அறிவியல் ஆசிரியை வேல்விழி மறைத்துவிட்டதால் வகுப்பு ஒரு வருஷம் தாமதமாயிற்று. இடம் போதவில்லை, ஓரத்தில் வளைத்து எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன்.

பாண்டிலட்சுமி படிவத்தைத் திருப்பித் திருப்பி இரண்டு முறை வாசித்தாள். அவள் கண்ணில் பயம் வந்தது.

"டீச்சர், இப்படி எழுதுனா என்னையச் சேத்துக்கிடுவாகளா?"

சேர்த்துக்கொள்வார்கள் என்றேன். படிவத்தை எடுத்துக்கொண்டு ரத்தினசாமி அண்ணாச்சியின் அறைக்கு நடந்தேன்.